துல்காதிர் சிற்றரசு: அலாவுத்தௌலா கோட்டை விட்டாரா?

கல்வெட்டுப்பித்தன்

1514 ஆகஸ்டில் சால்திரானில் உஸ்மானிய சுல்தான் சலீமும் ஈரானின் ஷா இஸ்மாயிலும் மோதிக்கொண்டபோது, சலீம் அழைத்தும் போகாமல் ஊரில் உட்கார்ந்துகொண்டவர் ஒருவர் உண்டு. துல்காதிர் சிற்றரசின் தலைவர் அலாவுத்தௌலா பே ('பே' என்பது தலைவருக்கான துருக்கியப் பட்டம்), எண்பது வயதைத் தாண்டியவர். அடுத்த பத்தாவது மாதம் அவர் தலையை வெட்டி கெய்ரோவுக்கு அனுப்பிவைத்தார் சலீம். போகாமல் இருந்தது மடத்தனமா, கணக்கா? இந்த இழையில் நான் கேட்க வந்தது அதுதான்.

தெரியாதவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய துருக்கியின் தெற்கே தாரஸ் மலைகளுக்கு உள்ளே எல்பிஸ்தான் சமவெளி, கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரம். தெற்கே இறங்கினால் மராஷ், இன்னும் இறங்கினால் அந்தெப், பிறகு அலெப்போ. அனதோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியின், கிழக்குப் பாதியிலிருந்து சிரியாவுக்குப் படையோ சரக்கோ போக வேண்டுமானால், இந்தக் கணவாய்களை வைத்திருப்பவன் தயவு வேண்டும்.

1335-இல் இல்கான் அபூ சயீத் வாரிசில்லாமல் இறந்து ஈரானின் மங்கோலிய ஆட்சி சிதறியது. அந்தச் சந்தடியில் கராஜா பே என்ற துர்க்மேன் தலைவர் எல்பிஸ்தானைப் பிடித்துக்கொண்டு, 1337-இல் கெய்ரோவின் மம்லூக் சுல்தான் நாசிர் முஹம்மதிடம் அங்கீகாரம் வாங்கினார். அங்கிருந்து 1522 வரை 185 வருஷம் இந்த வம்சம் தாக்குப்பிடித்தது.

எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைவிட எப்படிச் செத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். கராஜா பே 1353-இல் கெய்ரோவில் கொல்லப்பட்டார். அவர் மகன் கலீல் 1386-இல் மம்லூக் சுல்தான் பர்கூக்கின் ஏவலில் தீர்த்துக்கட்டப்பட்டார். கலீலின் தம்பி சூலி 1398-இல், அதே பர்கூக் அனுப்பிய ஆளின் கையால். மலிக் அர்ஸ்லான் 1465-இல் பள்ளிவாசலில். ஷாசுவார் 1472-இல் கெய்ரோவில் தூக்கு. அலாவுத்தௌலா 1515-இல் போர்க்களத்தில். கடைசி ஆள் அலி 1522-இல், கூப்பிட்டு வைத்துக் கொலை. நாசிருத்தீன் மெஹ்மதும் அவர் மகன் சுலைமானும்தான் ஆட்சியில் இருந்தபடியே நிம்மதியாகக் கண்ணை மூடியவர்கள்.

என் கட்சி இது. அலாவுத்தௌலா 35 வருஷம் ஆண்டவர், இந்த வரிசையிலேயே கெட்டிக்காரர், அவர் 1514-இல் எடுத்த முடிவும் கணக்குப் போட்டு எடுத்ததுதான். அடுத்த மாதங்களில் அவர் செய்ததைத்தான் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

---

சும்மா_வந்தவன்

எல்பிஸ்தான், மராஷ்... 2023 பிப்ரவரி நிலநடுக்கச் செய்தியில் கேட்ட பெயர்கள்தானே? அந்த நாட்டுக்கு இப்படி ஒரு கதை இருப்பது தெரியாது.

சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். மம்லூக் என்றால் யார்? 1337-இல் உஸ்மானியர் எங்கே இருந்தார்கள்? அப்போதே பேரரசா?

---

கல்வெட்டுப்பித்தன்

அதே ஊர்கள்தான். 2023 பிப்ரவரி 6 அன்று முதல் நடுக்கம் மராஷ் மாகாணத்தின் பஸார்ஜிக் பக்கம், அன்று மதியமே இரண்டாவது எல்பிஸ்தான் பக்கம். துல்காதிர்கள் கட்டிய மராஷ் பெரிய பள்ளிவாசலும் அதில் சேதமானது.

மம்லூக்குகள் சிறுவயதில் அடிமையாக வாங்கப்பட்டு, குதிரைப்படை வீரர்களாகப் பழக்கப்பட்டு, கடைசியில் எஜமானர்களையே தள்ளிவிட்டு 1250 முதல் எகிப்தையும் பிறகு சிரியாவையும் ஆண்டவர்கள். மக்கா, மதீனாவின் காவலும் அவர்களிடம்தான்.

உஸ்மானியர், அதாவது பள்ளிப் புத்தகத்தில் ஒட்டோமான் என்று வருபவர்கள், 1337-இல் அனதோலியாவின் வடமேற்கு மூலையில் பைசாந்தியர்களிடமிருந்து ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு சிற்றரசுதான். துல்காதிருக்கு முதல் ஐம்பது வருஷம் ஒரே பெரிய அண்டைவீடு, மம்லூக். பிரச்சினையும் அங்கிருந்துதான் வந்தது. இன்னொரு பேரரசு வந்து சேர்ந்த பிறகே இவர்களுக்குப் பேரம் பேசவே வழி பிறந்தது. 1399-இல் நாசிருத்தீன் மெஹ்மதை எல்பிஸ்தானில் உட்கார வைத்தது உஸ்மானிய சுல்தான் பாயஸீத்.

---

மேலப்பாளையத்தான்

பித்தன் அண்ணே, பட்டியல் அருமை. ஆனால் 1514-இல் இருந்து ஆரம்பித்தால் கதை தலைகீழாகத்தான் தெரியும். நோய் அதற்கு ஐம்பது வருஷம் முன்னாடியே உள்ளே வந்துவிட்டது.

சுலைமான் பே 1454-இல் இறந்தபோது அவருக்கு ஏகப்பட்ட பிள்ளைகள். நம் கதைக்கு நாலு பேர் போதும்: மலிக் அர்ஸ்லான், ஷா புதாக், ஷாசுவார், அலாவுத்தௌலா. நாலு பேரும் அடுத்தடுத்து அரியணை ஏறினார்கள், எவர் ஏறினாலும் பின்னால் இரண்டு பேரரசில் ஒன்றின் கை இருந்தது.

மலிக் அர்ஸ்லான் உஸ்மானியர் பக்கம் சாய்கிறார் என்று கெய்ரோவுக்குச் சந்தேகம். 1465-இல் எல்பிஸ்தான் பெரிய பள்ளியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வைத்து அவரைக் குத்திக் கொன்றான் அனுப்பப்பட்ட ஆள். ஜும்ஆவில்! அதில் தம்பி ஷா புதாக்குக்கும் பங்கு உண்டு என்பார்கள். எப்படியோ, கெய்ரோவின் ஆதரவோடு அடுத்து உட்கார்ந்தது அவர்தான்.

இஸ்தான்புல்லைப் பிடித்த சுல்தான் மெஹ்மத் சும்மா இருப்பாரா? தன்னிடம் இருந்த ஷாசுவாரை நியமனப் பத்திரத்தோடு அனுப்பினார். 1466-இல் ஷாசுவார் அண்ணனைத் துரத்திவிட்டார். அதன் பிறகு நடந்ததைத்தான் இந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை. மம்லூக் படை வந்தது, தோற்றது. மறுபடி வந்தது, மறுபடி தோற்றது. சிலுவைப் போர்வீரர்களையும் மங்கோலியரையும் விரட்டிய படை, ஒரு மலைநாட்டு பேயிடம் திரும்பத் திரும்ப அடி வாங்கியது. கெய்ரோவில் சுல்தான் காயித் பாய்க்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

பிறகு பேரம். உஸ்மானியர் கிழக்கே அக் கொயுன்லு துர்க்மேன் அரசின் தலைவர் ஊசுன் ஹஸனோடு மோதத் தயாராகிக்கொண்டிருந்த நேரம், தெற்கில் இன்னொரு பகை வேண்டாம். ஷாசுவாரைக் கைகழுவினார்கள். தளபதி யஷ்பக் பெரும்படையோடு வந்து ஸமந்தி கோட்டையில் அவரை மடக்கினார். உயிருக்குப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் வெளியே வரவைத்தார்கள். 1472-இல் கெய்ரோவில் ஊர்வலமாக இழுத்துப்போய் பாப் ஸுவைலா வாசலில் தொங்கவிட்டார்கள். இந்த வாசலின் பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

ஷா புதாக் திரும்பவும் வந்தார். 1480-இல் அவரைத் தள்ளிவிட்டு உஸ்மானியர் தயவில் வந்தவர்தான் நம் அலாவுத்தௌலா. வந்தவர் சில வருஷத்தில் மம்லூக் பக்கம் சாய்ந்துவிட்டார். உடனே 1489-இல் உஸ்மானியர் அவருக்கு எதிராக யாரை அனுப்பினார்கள் தெரியுமா? அதே ஷா புதாக்கை! கெய்ரோவின் செல்லப்பிள்ளையாக இருந்த ஷா புதாக்கை.

ஆக, யார் எந்தக் கொள்கை வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஒவ்வொரு பேரரசும் ஒரு பங்காளியைச் சோறு போட்டு வளர்த்து வைத்திருந்தது. எல்பிஸ்தானில் இருப்பவன் முறைத்தால் அவனை அவிழ்த்துவிட வேண்டியதுதான். அலாவுத்தௌலா 1514-இல் போயிருந்தாலும் போகாவிட்டாலும் சலீம் கையில் ஓர் ஆள் தயாராக இருந்தார். அவர் யார் என்று பித்தன் அண்ணனே சொல்லட்டும்.

---

சும்மா_வந்தவன்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான் போல.

---

குதிரைலாடம்

அந்தப் பழமொழி இங்கே பாதிதான் பொருந்தும் தம்பி. இவர்கள் வாங்கியதற்குச் சமமாகக் கொடுத்தவர்களும்கூட. கராஜா பே காலத்திலிருந்தே பக்கத்து சிலிசிய ஆர்மீனிய அரசைக் கொள்ளையடித்தே வளர்ந்தார்கள். கலீல் மலாத்யாவையும் ஹர்பூத்தையும் பிடித்து கெய்ரோவுக்குத் தலைவலி கொடுத்தார். பாவப்பட்ட சின்ன நாடு என்று கண்ணீர் விட வேண்டியதில்லை.

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இது கோட்டை கட்டி, வயலுக்கு வரி வாங்கிப் பிழைத்த அரசு இல்லை. கோடையில் எல்பிஸ்தான், உஸுன்யாய்லா மேய்ச்சல் மேடுகள், குளிருக்குத் தெற்கே சிரியாப் பக்கத்துத் தாழ்நிலம். இனக்குழுக்கள் ஆட்டு மந்தையோடும் குதிரையோடும் வருஷம் இரண்டு முறை இடம் மாறும். குளிர்கால மேய்ச்சல் மம்லூக் எல்லைக்குள். இதனால்தான் எவ்வளவு அடித்தாலும் இவர்கள் கெய்ரோவை முழுசாக விட்டுவிட முடியவில்லை. கெய்ரோவும் இவர்களை ஒழிக்கவில்லை, ஏனென்றால் நல்ல குதிரை இங்கிருந்துதான் வந்தது. குதிரையில் ஏறினால்தான் மம்லூக் மம்லூக்.

1450 வரை குதிரைதான் போரைத் தீர்மானித்தது, துல்காதிருக்கு விலை இருந்தது. சால்திரானில் என்ன நடந்தது? ஷா இஸ்மாயிலின் குதிரைப்படை உஸ்மானியப் பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் முன்னால் சிதறியது. வெடிமருந்து இல்லாத எந்தத் துர்க்மேன் தலைவனுக்கும் அன்றோடு கதை முடிந்தது. அலாவுத்தௌலா கெட்டிக்காரரா மடையரா என்று பட்டிமன்றம் வைப்பது எனக்கு வீண்வேலையாகப் படுகிறது.

---

நிலாமுற்றம்

நான்கு ஆண்கள் சேர்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வம்சத்தைக் காப்பாற்றியதில் பாதி அவர்கள் வீட்டுப் பெண்களை வைத்துப் போட்ட சம்பந்தங்கள், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாசிருத்தீன் மெஹ்மத் 1399 முதல் 1442 வரை ஆண்டார். அத்தனை வருஷம் எப்படி முடிந்தது? திமூர் பாயஸீதை நொறுக்கிய பிறகு பாயஸீதின் பிள்ளைகள் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டிருந்தபோது, ஜெயிக்கப்போகிறவர் மெஹ்மத் செலபி என்று சரியாகப் பார்த்து, 1403-இல் தன் மகள் எமினேயை அவருக்குக் கொடுத்தார். பல வருஷம் கழித்து, 1440-இல், இன்னொரு மகளை மம்லூக் சுல்தான் ஜக்மக்குக்குக் கொடுத்தார். ஒரு மாப்பிள்ளை உஸ்மானிய சுல்தான், இன்னொரு மாப்பிள்ளை கெய்ரோ சுல்தான்! நடுவில் 1419-இல் பக்கத்துக் கராமான் சிற்றரசுக்காரர்களிடமிருந்து பிடுங்கிய கைசேரி நகரத்தையும் மம்லூக்குகளிடமிருந்து பரிசாக வாங்கிக்கொண்டார். படுக்கையில் செத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அவர் மகன் சுலைமானும் அதே வழிதான். 1449-இல் மகள் சித்தி காத்தூனைப் பட்டத்து இளவரசர் மெஹ்மதுக்குக் கொடுத்தார், பின்னால் இஸ்தான்புல்லைப் பிடித்த அதே மெஹ்மத். அன்றைய உஸ்மானியத் தலைநகர் எதிர்னேயில் மாதக்கணக்கில் கொண்டாட்டம். பையனுக்கு அந்தக் கல்யாணத்தில் பெரிதாக இஷ்டமில்லை என்பார்கள். குழந்தை இல்லை. அந்தப் பெண் எதிர்னேயில் ஒதுங்கியே வாழ்ந்தார், அங்கே அவர் பெயரில் இன்றும் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது.

ஜெருசலேமில் அக்ஸா வளாகத்தின் வடக்கு ஓரத்தில் காதிரிய்யா மதரசா என்று ஒன்று உண்டு. 1430-களில் அதைக் கட்டிக்கொடுத்தவர் நாசிருத்தீன் மெஹ்மதின் மனைவி மிஸ்ர் காத்தூன். எல்பிஸ்தானின் ஆட்டுமந்தைப் பணம் ஜெருசலேமில் மதரசாவாக நிற்கிறது. குதிரைலாடம் சார், 'மேய்ச்சல்காரர்கள்' என்ற வார்த்தைக்குள் இதையும் அடக்க வேண்டும்.

கல்யாணம் மறுக்கப்பட்டதால் வந்த வினைதான் 1507. ஷா இஸ்மாயில் அலாவுத்தௌலாவின் மகளைப் பெண் கேட்டார், இவர் கொடுக்க மறுத்துவிட்டார். பித்தன் அண்ணா அதைச் சொல்வார் என்று விட்டுவிடுகிறேன்.

---

கல்வெட்டுப்பித்தன்

ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறேன்.

> குதிரைலாடம்: அலாவுத்தௌலா கெட்டிக்காரரா மடையரா என்று பட்டிமன்றம் வைப்பது வீண்வேலை

அப்படியென்றால் 1485 முதல் 1491 வரை நடந்ததை எதில் சேர்ப்பது? உஸ்மானியரும் மம்லூக்குகளும் முதல் முறையாக நேருக்கு நேர் ஆறு வருஷம் போரிட்டார்கள், அதானா சமவெளிக்காக. பீரங்கி உஸ்மானியரிடம்தான் அதிகம். ஆனாலும் 1486-இல் அவர்கள் தளபதி ஹெர்செக்ஸாதே அஹ்மத் பாஷாவே கைதியாகி கெய்ரோ போனார், 1488-இல் மறுபடியும் தோல்வி. அலாவுத்தௌலா காற்று வீசும் திசையைப் பார்த்தார், மம்லூக் பக்கம் போனார், 1491-இல் சமாதானம் ஆனபோது இடத்தை விடாமல் மிச்சமிருந்தார். வெடிமருந்து வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று ஒரு கோடு போட்டுவிட முடியாது.

இப்போது 1507. பெண் கேட்டதும் மறுத்ததும் உண்மை. மறுத்ததற்கு இஸ்மாயில் ஷியா என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. இஸ்மாயில் நாட்டைப் பிடுங்கிய அக் கொயுன்லு இளவரசர் முராத் ஓடிவந்தபோது, அலாவுத்தௌலா அடைக்கலம் கொடுத்ததோடு மகளையும் கொடுத்து மருமகனாக்கிக்கொண்டார். தியார்பக்ர் நகரத்தின் மீதும் கண் வைத்தார். 1507-இல் இஸ்மாயில் வந்து எல்பிஸ்தானைத் தரைமட்டமாக்கினார். கிழவர் துர்னா மலைக்குள் ஏறி ஒளிந்துகொண்டதால் கையில் அகப்படவில்லை. பிறகுதான் தலைநகரம் மராஷுக்கு இறங்கியது. அடுத்த வருஷங்களில் தியார்பக்ரைப் பிடிக்க அனுப்பிய பிள்ளைகளும் சஃபவி (இஸ்மாயிலின் வம்சம்) ஆளுநர் முஹம்மத் கான் உஸ்தாஜ்லுவிடம் தோற்றுச் செத்தார்கள்.

இங்கேதான் எனக்குப் புதிர். தலைநகரைக் கொளுத்தியவன், பிள்ளைகளைக் கொன்றவர்களின் எஜமான், அவனை அடிக்க சலீம் பெரும்படையோடு போகிறார், கூட வா என்கிறார். பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கிழவர் போகவில்லை. வயதாகிவிட்டது, நான் மம்லூக் சுல்தானின் ஆள் என்று சாக்கு.

எனக்குத் தோன்றும் விளக்கம்: அவர் கோபத்தைவிடக் கணக்கை நம்பினார். இஸ்மாயில் ஒழிந்தால் கிழக்கே சலீமைத் தடுக்க யாருமில்லை, பிறகு தெற்கே கெய்ரோ மட்டும்தான். மூன்று பேர் இருக்கும்வரைதான் நடுவில் இருப்பவனுக்கு மதிப்பு. அதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் உஸ்மானியப் படையின் தீனி, சரக்கு வண்டிகளைத் தன் ஆட்கள் வழிமறித்துக் கொள்ளையடிக்க விட்டாரே, அது எதற்கு? நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். திரும்பி வரும் சலீம் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரியாதவரா அவர்?

---

மேலப்பாளையத்தான்

ஆளைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அண்ணே! சலீம் கையில் இருந்தது ஷாசுவாரின் மகன் அலி. பாப் ஸுவைலாவில் தொங்கியவரின் மகன். சித்தப்பாவின் நாட்டில் இடமில்லாமல் உஸ்மானியரிடம் வளர்ந்தவர். சால்திரானுக்குச் சலீமோடு போனார், கைசேரி மாவட்டம் அவர் பொறுப்பில் வந்தது. கைசேரி எங்கே இருக்கிறது? துல்காதிர் எல்லைக்குப் பக்கத்து வாசலில். அண்ணன் மகனை அங்கே உட்கார வைத்த அன்றே கிழவருக்குச் சீட்டு கிழிந்துவிட்டது. வண்டியைக் கொள்ளையடித்தது அதற்குப் பதில் என்றுதான் நான் படிக்கிறேன். எப்படியும் வரப்போகிறான், இளைத்துப்போய் வரட்டும் என்று.

---

சும்மா_வந்தவன்

கடைசியில் என்ன ஆயிற்று? பாப் ஸுவைலா வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், வைத்திருக்கிறேன்.

---

மேலப்பாளையத்தான்

1515 கோடையில் சலீம் முதலில் கெமாஹ் கோட்டையைச் சஃபவிகளிடமிருந்து பிடித்தார். பிறகு தளபதி சினான் பாஷாவைத் தெற்கே திருப்பிவிட்டார். ஜூன் 13, துர்னா மலையடிவாரம். எட்டு வருஷம் முன்னால் ஷா இஸ்மாயிலிடமிருந்து கிழவரைக் காப்பாற்றிய அதே மலை, இந்த முறை காப்பாற்றவில்லை. எதிரே அண்ணன் மகன் அலியின் ஆட்கள், அவர்களுக்கும் அந்த மலையில் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரியும். இவர் பக்கத்துக் குழுக்களே கட்சி மாறின. கிழவரும் பிள்ளைகளும் களத்திலேயே முடிந்தார்கள். தலையை கெய்ரோவில் சுல்தான் கான்சூ கவ்ரிக்கு அனுப்பினார் சலீம். உன் ஆள் என்றாயே, இந்தா என்று அர்த்தம். அலி பே துல்காதிர் நாட்டுக்குத் தலைவரானார், ஆனால் குத்பாவிலும் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்) நாணயத்திலும் சலீம் பெயர்.

அடுத்த வருஷம் 1516 ஆகஸ்ட் 24, மர்ஜ் தாபிக். கவ்ரி செத்தார், சிரியா போனது. 1517 ஜனவரியில் ரிதானிய்யா, கெய்ரோ போனது. இரண்டிலும் அலி பே சலீம் படையில். கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பாயைப் பிடித்து, ஏப்ரலில் எங்கே தூக்கில் போட்டார்கள்? பாப் ஸுவைலா. ஷாசுவார் தொங்கிய அதே வாசல், 45 வருஷம் கழித்து. அந்தத் தண்டனையை நிறைவேற்றும் வேலையைச் சலீம் அலி பேயிடம் கொடுத்தார் என்று உஸ்மானிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

---

குதிரைலாடம்

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டும் பாய். வாசல் ஒன்றுதான், அலி கெய்ரோவில் இருந்ததும் சரிதான். ஆனால் பாப் ஸுவைலா கெய்ரோவில் வழக்கமாகக் குற்றவாளிகளைத் தொங்கவிடும் இடம், இருவரும் அங்கே தொங்கியதில் அதிசயம் எதுவும் இல்லை. மகன் அப்பாவுக்குப் பழிவாங்கினான் என்பது எழுதுகிறவனுக்கு இனிப்பான கதை, ஜெயித்த பக்கத்துக்கும் வசதி: 'நாங்கள் கொல்லவில்லை, ரத்தக்கடன் தீர்ந்தது' என்று சொல்லிக்கொள்ளலாம்.

---

மேலப்பாளையத்தான்

சலீம் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம் சார். தேடி இவரிடம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும். அந்த ஆளுக்கு அந்தக் குடும்பக் கணக்குகள் எல்லாம் அத்துப்படி என்று தெரிகிறது.

---

நெறியாளர்

இன்றைய சிரியா, ஈரான் அரசியலையும் சுன்னி-ஷியா சண்டையையும் இழுத்து எழுதப்பட்ட மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. 1522-க்குப் பக்கத்தில் இருங்கள், நன்றி.

---

நிலாமுற்றம்

நீக்கப்பட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் 16-ஆம் நூற்றாண்டுக்குள் நின்றே பதில் சொல்ல அனுமதி வேண்டும். 'துல்காதிர்கள் கறாரான சுன்னிகள், அதனால் சஃபவிகளை எதிர்த்தார்கள்' என்று எழுதியிருந்தார். அவ்வளவு எளிதில்லை. ஹாஜி பெக்தாஷ் ஊரில், ஷியாச் சாயலுள்ள பெக்தாஷி சூஃபி வழியின் இரண்டாவது பெரிய குருவான பாலிம் சுல்தானுக்கு 1519-இல் சமாதிக் கட்டடம் எழுப்பியவர் இதே அலி பே. கல்வெட்டே சொல்கிறது. அதே 1519-இல்தான் ஜலால் என்பவர் தலைமையில் சஃபவிச் சாய்வுள்ள கிளர்ச்சி எழுந்தது, அதைச் சலீமுக்காக அடக்கியவரும் இதே அலி பே.

துல்காதிர் குழுக்களில் ஒரு பெரும் பகுதி அதற்கு முன்பே ஷா இஸ்மாயிலின் சிவப்புத் தொப்பிப் படையில், கிஸில்பாஷ் என்பார்கள், சேர்ந்துவிட்டது. ஈரானில் அவர்கள் ஸுல்காதிர் என்ற பெயரிலேயே பெரிய பிரிவு. ஷீராஸ் ஆளுநர் பதவி 16-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அந்தக் குழுவின் கையில்தான். எல்பிஸ்தானில் இஸ்மாயிலுக்குப் பெண் தர மறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சொந்தக்காரர்கள் இஸ்மாயிலுக்காக ஷீராஸை ஆண்டுகொண்டிருந்தார்கள்.

---

கல்வெட்டுப்பித்தன்

ஷீராஸ் விஷயம் அலி பேயின் முடிவையும் விளக்குகிறது. 1520-இல் சலீம் இறந்து அவர் மகன் சுலைமான் உஸ்மானிய சுல்தானாக வந்தார். டமாஸ்கஸில் ஆளுநர் ஜான்பிர்தி கஸாலி கிளம்பி மம்லூக் அரசை மீட்கப் பார்த்தார், 1521-இல் அவரை ஒழிக்க ஃபர்ஹாத் பாஷாவோடு போனவர் அலி பே. அடுத்த வருஷமே அதே ஃபர்ஹாத் பாஷா, தோகாத் பக்கம் அலி பேயையும் பிள்ளைகளையும் வரவழைத்துக் கொன்றார். ஈரானோடு தொடர்பு என்ற புகார் சுலைமானின் காதில் போடப்பட்டிருந்தது. சால்திரான், மர்ஜ் தாபிக், ரிதானிய்யா, ஜலால், கஸாலி, இத்தனையிலும் விசுவாசமாக நின்ற மனிதர்!

மேலப்பாளையத்தாரே, இது உங்கள் வாதத்துக்கே ஓட்டை. பங்காளிச் சண்டைதான் நோய் என்றால், பங்காளிகள் எல்லோரும் ஒழிந்து ஒரே ஆள் மிச்சமிருந்தபோது வம்சம் பிழைத்திருக்க வேண்டும். பிழைக்கவில்லை. 1517-க்குப் பிறகு மராஷுக்குத் தெற்கே எல்லை என்று ஒன்று இல்லை. கெய்ரோ விழுந்த அன்றே அலி பே வேலையில்லாதவராகிவிட்டார்.

---

குதிரைலாடம்

நான் முதலிலேயே சொன்னது. யார் என்ன செய்திருந்தாலும் இதே முடிவுதான்.

---

நிலாமுற்றம்

அப்படியென்றால் பக்கத்து வீட்டைப் பாருங்கள் சார். அதானாவில் ரமஸான் வம்சம். அதே துர்க்மேன் பூர்வீகம், அதே மம்லூக் காப்பு, அதே இரண்டு பேரரசுக்கு நடுவே. 1516-இல் சலீம் வந்தபோது மஹ்மூத் பே நேரே போய்ச் சேர்ந்துகொண்டார், ரிதானிய்யாவில் சலீமுக்காகவே செத்தார். அவர் குடும்பம் உஸ்மானியருக்குக் கீழே பரம்பரை ஆளுநர்களாக 1608 வரை அதானாவை வைத்திருந்தது. அந்தக் குடும்பத்து பீரி மெஹ்மத் பாஷா கட்டியதெல்லாம் அங்கே நிற்கிறது. கெய்ரோ விழுந்ததும் எல்லை இல்லாமல் போனது அவர்களுக்கும்தானே?

---

குதிரைலாடம்

நல்ல கேள்வி. பதில் ஷீராஸில் இருக்கிறது என்பேன். ரமஸான்காரர்களுக்கு ஈரானில் சொந்தக்காரப் படை இல்லை. அதானா தாழ்நிலம், கடலோரம், சஃபவி எல்லைக்கு எட்டாத தூரம். எல்பிஸ்தானிலிருந்து ஒரு குழு கூடாரத்தைச் சுருட்டினால் சில வாரத்தில் ஷாவின் ஆளாகிவிடும். அந்தப் பயம் இஸ்தான்புல்லுக்கு அதானா விஷயத்தில் இல்லை.

---

மேலப்பாளையத்தான்

பயம் சரிதான், ஆனால் அலியைக் கொன்று அந்தப் பயம் தீர்ந்ததா? கூடியது. துல்காதிர் சிப்பாய்களுக்கு இருந்த திமார் நிலங்களை (படைச் சேவைக்கு ஈடாகக் கொடுத்த நிலங்கள்) ஃபர்ஹாதுக்குப் பின்னால் வந்தவர்கள் பிடுங்கினார்கள். 1527-இல் கலந்தர் செலபி என்பவர் கிளர்ச்சியில் கிளம்பியபோது அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள். உஸ்மானியப் படைகள் அடுத்தடுத்துத் தோற்றன. கடைசியில் தலைமை வஸீர் இப்ராஹீம் பாஷாவே வந்தார், வந்தவர் சண்டையை ஆரம்பிக்கவில்லை. துல்காதிர் தலைவர்களை ரகசியமாகக் கூப்பிட்டு, பிடுங்கிய திமார்களைத் திருப்பித் தருகிறேன் என்றார். ஒரே வாரத்தில் கலந்தரின் கூடாரம் காலி, மிச்சமிருந்த கொஞ்சம் பேரோடு அவரை மடக்கி முடித்தார்கள்.

1522-லேயே அந்த நிலத்தில் கை வைக்காமல், அலி பேயை மராஷில் உட்கார விட்டிருந்தால் இப்ராஹீம் பாஷாவுக்கு அந்தப் பயணமே மிச்சம்.

---

கல்வெட்டுப்பித்தன்

அதற்கும் ஒரு பதில் உண்டு பாய். இப்ராஹீம் பாஷா 1527-இல் பேரம் பேசியது தனித்தனித் தலைவர்களோடு. ஆளுக்கொரு திமார், ஆளுக்கொரு விலை. அவர்கள் சார்பில் மொத்தமாக விலை சொல்ல ஒரு பே இருந்திருந்தால், திமார்களோடு கைசேரியையும் சேர்த்துக் கேட்டிருப்பார். சுலைமான் 1522-இல் ஒழித்தது அந்தக் கேட்கும் ஆளைத்தான் என்று நான் நினைக்கிறேன். மற்றபடி நிர்வாகத்தில் பெரிதாகக் கைவைக்கவில்லை, அலாவுத்தௌலா காலத்துச் சட்டத் தொகுப்பையே உஸ்மானியக் கணக்காளர்கள் பதிவேட்டில் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். குற்றத்துக்கு இவ்வளவு அபராதம் என்று கிழவர் போட்ட விதிகள் நமக்குக் கிடைப்பதே அந்தப் பதிவேடுகள் வழியாகத்தான்.

ரமஸான் வம்சத்துக்குத் தனி இழை போடலாம், நிலாமுற்றம் ஆரம்பியுங்கள். பீரி மெஹ்மத் பாஷா பற்றி எனக்கும் கேள்விகள் உண்டு.